மட்டம் முதலில், விதை பிறகு: புல்தரை பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

குமரி மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் வந்த புல்தரைக் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலோர் கேட்டிருப்பது எந்த விதை நல்லது என்பதைத்தான். விதையைவிட மட்டமும் நீர் வடியும் வழியும்தான் முக்கியம் என்பதால், முதல் பதிலை விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி (தக்கலை அருகிலிருந்து): வீட்டு முற்றத்தில் 5 சென்ட் புல்தரை உண்டு. வீடு கட்டி முடித்த கையோடு ஜேசிபி வைத்து நிரத்தி (மட்டம் செய்து) அருகம்புல் விதைத்தோம். இப்போது மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. மழை பெய்தால் இரண்டு இடத்தில் வெள்ளம் கெட்டி நிற்கிறது. மேட்டில் புல் மொட்டையாகிவிட்டது. ரோலர் உருட்டினால் சரியாகும் என்கிறார்கள். அதன்மேல் புது விதை தூவினால் போதுமா?

ரோலரால் மேடு இறங்காது. நனைந்த மண்ணில் கனமான ரோலரை உருட்டினால் மேடும் பள்ளமும் அப்படியே இருக்க, மண் மட்டும் இறுகும். இறுகிய மண்ணில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. அதன்மேல் தூவும் விதை முதல் மழைக்கே பள்ளத்தில் போய்ச் சேரும். மேட்டில் புல் மொட்டையானதற்கும் காரணம் மண் அல்ல. வெட்டும் இயந்திரத்தின் கத்தி ஒரே உயரத்தில் ஓடும்போது மேட்டில் புல்லின் அடித்தண்டையே சீவிவிடுகிறது.

முதலில் அளக்க வேண்டும். 6 அடிக்கு ஒன்றாக முளைக்குச்சி அடித்து, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் எல்லாக் குச்சியிலும் ஒரே மட்டத்தைக் குறியுங்கள். குறியிலிருந்து தரை எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினால், கண்ணுக்குத் தெரியாத சரிவெல்லாம் அதில் வந்துவிடும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி 10 அடிக்கு 1 முதல் 2 அங்குலம் வரை இறக்கம் வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஐப்பசி மழையில் நீர் நிற்கும். அதிகமானால் விதை அரித்துப்போகும்.

பள்ளம் ஏன் விழுந்தது என்றும் பாருங்கள். பழைய தென்னை மூடு (அடிக்கட்டை) மண்ணுக்குள் மக்கி, அந்த இடம் ஆண்டுதோறும் அமிழ்வது நம் விளைகளில் சாதாரணம். தண்ணீர்க் குழாய் போட்ட சால் (நீளப் பள்ளம்), செப்டிக் டேங்கைச் சுற்றி நிரப்பிய மண், பெருச்சாளி வளை, கறையான் புற்று ஆகியவையும் காரணமாக இருக்கலாம். கடப்பாரையால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் அந்த இடத்தைத் தோண்டி மக்கிய மரத்தை எடுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். கடகடவென்று தட்டினால் கட்டட இடிபாடு புதைந்திருக்கிறது. அதன்மேல் போட்ட 2 அங்குல மண்ணில் கோடையில் எந்தப் புல்லும் தாங்காது.

பாதிக்கு மேல் நல்ல புல் இருந்தால் தரையைச் செப்பனிடலாம். அதற்கும் குறைவென்றால் மொத்தமாகக் கொத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் செலவு குறைவு.

செப்பனிடுவதென்றால் முறை பள்ளத்தின் ஆழத்தைப் பொறுத்தது. 2.5 செ.மீ. வரை உள்ள பள்ளத்துக்கு மேல்மண் தூவினால் போதும். புல்லை ஒட்ட வெட்டி, காய்ந்த சருகை வாரியால் வாரி எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 1 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் மண்கலவை தூவி, துடைப்பத்தால் தள்ளி, புல் நுனி வெளியே தெரியும்படி விட வேண்டும். நுனி மூடிப்போனால் புல் மஞ்சளித்து அழுகும். மூன்று, நான்கு வாரத்தில் புல் மேலேறி வந்ததும் அடுத்த தடவை தூவலாம். மேடு சிறிதாக இருந்தாலும் பள்ளம் 3 முதல் 8 செ.மீ. வரை இருந்தாலும் புல்லைத் திறந்து செய்ய வேண்டும். மண்வெட்டியால் இணையாக இரண்டு வெட்டு, அவற்றின் நடுவே குறுக்கே ஒரு வெட்டு, 5 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். இரண்டு பக்கமும் புல்லை வேர்மண்ணோடு மடித்துத் திறந்து, மேடானால் அடிமண்ணைச் சுரண்டியும் பள்ளமானால் மண் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தும் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி மூடி மிதித்துத் தண்ணீர் விடுங்கள்.

8 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜேசிபிதான். ஆனால் உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் பயிர் வளர்வது மேலே உள்ள 10, 15 செ.மீ. மண்ணில்தான். அதற்குக் கீழே சரளையும் செம்புரையும். நேராக நிரத்தினால் நல்ல மண் பள்ளத்தின் அடியில் போய், சரளை மேலே வந்துவிடும். முதல் தடவை உங்கள் தரையில் நடந்ததும் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மேல்மண்ணை முதலில் ஓரமாக வழித்துக் குவித்து, அடிமண்ணை மட்டம் செய்தபின் மேல்மண்ணைத் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். ஓட்டுநர் அவசரப்படுவார். நீங்கள் பக்கத்தில் நிற்பது நல்லது.

நிரப்பும் மண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, நனைத்து, இடிக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் பிறகு நிறையவே அமிழும். எல்லாம் முடிந்தபின் 10 அடி அலுமினிய மட்டப்பலகையைக் கயிறு கட்டிக் குறுக்கும் நெடுக்கும் இழுங்கள். வயலில் மரமடிப்பது போலத்தான்: மேட்டு மண் தானே நகர்ந்து பள்ளத்துக்குப் போகும். பின்பு ஒரு வாரம் விட்டு இரண்டு தடவை நன்றாக நனையுங்கள். அமிழ வேண்டியது அமிழ்ந்துவிடும். மறுபடி பலகை இழுங்கள். நடந்தால் காலடி 1 செ.மீ.க்கு மேல் பதியாத உறுதி வந்ததும் தரை விதைப்புக்குத் தயார்.

மண்கலவைக்குக் கணக்கு: 1 சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 5 சென்ட்டில் 1 செ.மீ. கனம் பரப்ப ஏறக்குறைய 70 கன அடி, அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். உங்கள் தரையில் இருக்கும் அதே செம்மண்ணைச் சலித்து, பாதிக்குப் பாதி மணலும் கொஞ்சம் மக்கிய தொழுவுரமும் சேருங்கள். களிமண் தரையில் வெறும் மணலைத் தனி அடுக்காகப் போட்டால் இரண்டும் சேராது. வேர் மணலோடு நின்றுவிடும். எம்-சாண்ட் என்றால் கழுவியது மட்டும் வாங்குங்கள். கிரஷர் தூசி கலந்தது நனைந்து காய்ந்ததும் இறுகிப்போகும். கடல் மணல் வேண்டவே வேண்டாம்.

விதைப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். செம்புரை மண் பெரும்பாலும் புளிப்பாக இருக்கும். கார அமில நிலை 5.5க்குக் கீழே என்றால் சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ வரை சுண்ணாம்பு அல்லது டோலமைட்டைத் தூவிக் கொத்திக் கலக்குங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். இரண்டு வாரம் கழித்து சென்ட்டுக்கு 50 கிலோ நன்கு மக்கிய தொழுவுரமும் 1 கிலோ 17:17:17 உரமும் மேல் 10 செ.மீ. மண்ணில் கலந்தால் போதும்.

இனி விதை. உமி நீக்கிய அருகு விதை 5 சென்ட்டுக்கு 1 கிலோ, உமியோடு இருந்தால் ஒன்றரை முதல் 2 கிலோ. விதை மிகப் பொடி என்பதால் ஐந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கைக் கிழக்கு மேற்காகவும் மறு பங்கைத் தெற்கு வடக்காகவும் தூவினால் திட்டு விழாது. வாரியின் முதுகால் லேசாக இழுங்கள். அரை செ.மீ. ஆழத்துக்குக் கீழே போன விதை முளைக்காது. பாதி நீர் நிரப்பிய சிறு டிரம்மை ஒரு தடவை உருட்டி விதையை மண்ணோடு ஒட்டவையுங்கள். ரோலருக்கு இந்த வேலையில் உள்ள ஒரே இடம் இதுதான்.

நனைத்த சணல் சாக்கால் மூடி, பூவாளியால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை மேல்மண் ஈரமாகும் அளவு மட்டும் தெளியுங்கள். ஹோஸைத் திறந்து விட்டால் விதையெல்லாம் ஓரத்தில் சேரும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை முளை தெரிந்த அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை சாக்கு இழைக்குள் ஏறி, எடுக்கும்போது பிய்ந்துவிடும். 7 முதல் 14 நாளில் முளைத்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து தண்ணீரின் தடவையைக் குறைத்து, விடும்போது ஆழமாக விடுங்கள்.

நான்காம் வாரம் சென்ட்டுக்கு 200 கிராம் யூரியாவை இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விடுங்கள். புல் 6 செ.மீ. வளர்ந்ததும் 4 செ.மீ.க்கு முதல் வெட்டு. எப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டும் நைலான் நூல் இயந்திரத்தை இளம் புல்லில் இறக்காதீர்கள். வேர் பிடிக்காத செடியைப் பிடுங்கி எறிந்துவிடும்.

காலம்: தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் ஆவணி மாதம் நல்லது. தென்மேற்கு மழையின் வேகம் தணிந்திருக்கும், ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடிக்க ஆறேழு வாரம் கிடைக்கும். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை முடிந்து, புரட்டாசிக் கடைசியில் விதைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஆவணியைத் தவறவிட்டால் தை மாதம் வரை பொறுங்கள். விதைப்பதற்கு முன் கிணற்றையும் யோசியுங்கள். 5 சென்ட் புல்லுக்குக் கோடையில் வாரம் 5,000 லிட்டர் தேவைப்படும். பங்குனியில் கிணறு அதைத் தாங்காது என்று தெரிந்தால் 2 சென்ட்டில் புல் போதும். மீதியில் செடி வையுங்கள்.

கேள்வி (தோவாளையிலிருந்து): ஆடி மாதம் 4 சென்ட்டில் 1 கிலோ அருகு விதை தூவினோம். மூன்று வாரமாகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கிறது. விதை மோசமா?

இருக்கலாம். ஆனால் உங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்மண்ணை மணிக்கணக்கில் உலர்த்திவிடும். விதை நீரை உறிஞ்சி உப்பி, முளை விடும் நேரத்தில் ஒரே ஒரு மதியம் காய்ந்தாலும் செத்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பலன் இல்லை.

மீதி விதை இருந்தால் சோதித்துவிடலாம். 100 விதையை எண்ணி, நனைத்த பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். 14 நாளில் 80க்கு மேல் முளைத்தால் விதை நல்லது. 50 என்றால் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். அதற்கும் கீழே என்றால் அந்த விதை வேண்டாம். வாங்கும்போதே பாக்கெட்டில் முளைப்புத் திறனும் சோதித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எறும்பையும் கவனியுங்கள். விதைத்த மறுநாள் காலையில் வரிசையாக விதை தூக்கிச் செல்வதைப் பார்க்கலாம். உங்கள் பக்கத்துக்குக் கார்த்திகை பிற்பாதி முதல் தை வரை விதைக்க ஏற்ற காலம். காற்று அடங்கியிருக்கும், மண்ணிலும் ஈரம் இருக்கும்.

கேள்வி (குலசேகரத்திலிருந்து): தென்னையும் பலாவும் நிற்கிற முற்றத்தில் அருகு விதைத்தால் ஒரு மாதம் பச்சையாக இருந்து பிறகு தேய்ந்துவிடுகிறது. எத்தனை தடவை விதைத்தும் இதே கதை.

இனி விதைக்காதீர்கள். அருகுக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். விதையிலுள்ள சத்தில் முளைத்துவரும், அது தீர்ந்ததும் மெலியும். நீங்கள் பார்த்த அந்த ஒரு மாதப் பச்சை அதுதான். உங்களுக்கு ஏற்றது அகல இலையுள்ள கார்ப்பெட் புல் அல்லது பபலோ புல். இரண்டையும் கணுவோடு பிரித்து 15 செ.மீ. இடைவெளியில் நடலாம். 5 செ.மீ.க்குக் கீழே வெட்டாதீர்கள், நிழலில் வளரும் புல்லுக்கு இலைதான் பலம்.

தென்னை மூட்டைச் சுற்றி 6 அடிக்குப் புல் வேண்டாம். உரத்துக்கும் நீருக்குமான வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. தடம் எடுத்துத் தேங்காய்த் தொண்டால் மூடி விடுங்கள். மட்டம் செய்கிறோம் என்று பலா மூட்டில் மண் ஏற்றிக் குவிப்பதையும் தவிர்க்கவும், அடிமரத்துப் பட்டை அழுகும்.

கேள்வி (குளச்சலிலிருந்து): மணல் தரை. கிணற்று நீர் கோடையில் உவர்க்கிறது. விதை முளைத்தாலும் நுனி கருகிச் சாகிறது.

வளர்ந்த அருகு உவர்நீரை ஓரளவு தாங்கும். முளை தாங்காது. முதல் ஆறு வாரத்துக்கு நல்ல நீர் கிடைக்கும் காலத்தில் மட்டும் விதையுங்கள் அல்லது வேர் பிடித்த தகடாகவே (மண்ணோடு வெட்டியெடுத்த புல் பாளமாகவே) பதியுங்கள். மணலின் மேல் 5 செ.மீ. செம்மண்ணும் மக்கிய உரமும் பரப்பி, 10 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி மணலோடு கலந்துவிடுங்கள், தனி அடுக்காக விடாதீர்கள். மக்காத தென்னை நார்க்கழிவு சேர்த்தால் அது மக்குவதற்கே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். மக்கவைத்தது என்றால் ஈரம் காக்க மிக நல்லது. மணலில் உரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் போடுங்கள். தண்ணீர் நிரந்தரமாகவே உவர் என்றால் பாஸ்பாலம் புல்தான் வழி. அதைப் பதியமாக நடுவார்கள்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து): பள்ளத்தை நிரப்ப வயல் மண் அடித்தோம். இப்போது புல்லைவிடக் கோரைதான் அதிகம். பிடுங்கப் பிடுங்க வருகிறது.

கோரை வந்தது மண்ணோடுதான். அதன் கிழங்குகள் பெரும்பாலும் மேல் 15 செ.மீ. மண்ணில் மணிமாலையாகக் கோத்துக் கிடக்கும். மேலே பிடுங்கினால் அறுந்து, கீழே இருக்கும் அடுத்த கிழங்கு முளைக்கும். விதைத்தபின் கோரையோடு போராடினால் புல்தான் தோற்கும். ஆகவே விதைக்கும் முன்பே அதை முளைக்கவைத்து அழிக்க வேண்டும். மட்டம் செய்த தரைக்குத் தண்ணீர் விட்டு, இரண்டு வாரத்தில் முளைத்தெழுந்ததைத் தோட்ட முள்கரண்டியால் கிழங்கோடு கிளறிப் பொறுக்குங்கள். நாலைந்து இலை விடுவதற்குள் செய்தால் புதுக் கிழங்கு வைக்காது. இதை மூன்று சுற்று செய்யாமல் விதைக்காதீர்கள். பொறுக்கியதை உரக்குழியில் போடாமல் வெயிலில் காயவைத்து எரியுங்கள்.

மாசி, பங்குனி வெயிலில் நனைத்த தரையைத் தெளிவான பாலிதீனால் மூடி, ஓரத்தை அடைத்து ஐந்தாறு வாரம் வைத்தால் மற்றக் களை விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். தொட்டாவாடி விதைக்குக் கடினமான தோல் உண்டு, அதனால் அது கொஞ்சம் மிஞ்சும். கோரையோ பாலிதீனைக் குத்திக்கொண்டே வரும். மருந்து தெளிப்பதாக இருந்தால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கோரைச் செடி ஒன்றைக் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விதைத்து இரண்டு மாதம் ஆகாத புல்லில் எந்தக் களைக்கொல்லியும் வேண்டாம்.

கேள்வி (கருங்கலிலிருந்து, ஆலய வளாகக் குழு): பிள்ளைகள் விளையாடும் 20 சென்ட் மைதானம். விதையா, தகடா? எப்போது விளையாட விடலாம்?

20 சென்ட்டுக்கும் தகடு வாங்குவது பெருஞ்செலவு. 2 சென்ட் அளவு அருகுத் தகடு வாங்கிக் கணுக்கணுவாகப் பிரித்து 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் 20 சென்ட்டையும் நட்டுவிடலாம். ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும். கணு இரண்டு, இரண்டரை மாதத்தில் மூடும். விதை மூன்று மாதம் எடுக்கும். மூன்று தடவை வெட்டி முடிந்து, புல்லைப் பிடித்து இழுத்தால் வராத நிலை வந்ததும் விளையாட விடலாம். கொரியன் புல் வேண்டாம், மிதிபட்ட இடம் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். மழைக்கு ஒரு நாளுக்கு மேல் நீர் நிற்கும் பக்கம் இருந்தால், நடும் முன்பே 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் சால் எடுத்து முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி ஓடைக்கு விடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து): புதுப் புல்லில் திட்டுத் திட்டாகக் காய்கிறது. பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது. சாணம் நிறையவே போட்டிருக்கிறோம்.

காய்ந்த திட்டின் ஓரத்தில், பச்சை தொடங்கும் இடத்தில், 1 சதுர அடிக்கு 5 செ.மீ. ஆழம் வெட்டித் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு. மக்காத சாணத்தோடு வந்திருக்கும். அது வேரைத் தின்னாது, ஆனால் வண்டாகித் தென்னைக்குப் போகும். பொறுக்கிக் கொன்றுவிடுங்கள். அதைவிடச் சிறிதாக, வளைந்து கிடக்கும் புழுக்கள் ஐந்துக்கு மேல் இருந்தால் வேரைத் தின்பவை அவைதான். புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைப் பாக்கெட்டில் உள்ள அளவில் மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, மாலையில் தூவித் தண்ணீர் விடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி வெட்டிப் பாருங்கள். புழு குறைந்திருந்தால் அந்தத் திட்டுகளை மட்டும் கிளறி மீண்டும் விதைக்கலாம். இனிமேல் சாணம் போடுவதாக இருந்தால், கையில் எடுத்தால் நாற்றம் இல்லாமல் பொடியாக உதிரும் அளவுக்கு மக்கியதை மட்டும் சலித்துப் போடுங்கள்.